தையல் கடைக்குள் ஒரு மைல்கல்

மதராஸிலிருந்து வரும் என் மைத்துனர் ஒவ்வொரு முறையும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலிருந்து ஒரு தாளைக் கத்தரித்து எடுத்துவருவார். பட்டணத்தில் யார் கண்ணிலும் படாத விநோதங்களின் பட்டியல் அது. படித்துக் காட்டிவிட்டு, "உங்க ஊர்ல என்ன இருக்கு? கோபுரமும் பால்கோவாவும்தானே?" என்பார். கோபுரத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. பணிக்காலம் முழுவதும் அரசு முத்திரையில் அதைப் பார்த்தவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் நேரில் பார்த்தால்கூட அதற்குக் கீழே கையொப்பம் இடவேண்டும் என்று கை பரபரக்கும்.

தொண்ணூறுகளில் ஒருமுறை அவரைச் சேத்தூர் பஸ்ஸில் அழைத்துப்போனேன். அதற்கு முந்தின நாள்தான், பக்கத்துத் தறிகளில் நெய்து வெட்டவெளியில் நீளநீளமாகக் காய்ந்துகொண்டிருந்த பேண்டேஜ் துணியைக் காட்டியிருந்தேன். "யாருக்கு இம்புட்டு அடி?" என்று கேட்டிருந்தார். பஸ் ஜன்னல் வழியே ஒரு கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மாமா, ஸ்ரீவில்லிபுத்தூர் ஏழுன்னு போட்டிருக்கு. ராஜபாளையமே பின்னால போயிருச்சே, எப்படி ஏழு?"

"தப்பாத்தான் போட்டிருக்கு" என்றேன். அதற்கு முன் அந்தக் கல் எங்கே சரியாக நின்றது என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியாது.

எண்பதுகளில் நான் வருவாய்த் துறையில் இருந்தேன். ராஜபாளையத்தில் ஒரு சாலையை அகலப்படுத்துவதாக ஏற்பாடு. நெடுஞ்சாலைத் துறையின் இளம் பொறியாளரும் நானும் ஆக்கிரமிப்புகளைப் பார்த்துக்கொண்டே போனோம். சாலையை ஒட்டிய சந்தின் முனையில் ஒரு பாய் தையல் கடை வைத்திருந்தார். என் கால்சட்டைகள் எல்லாம் அவர் கையால் ஆனவை. கடைக்குள் எட்டிப்பார்த்த பொறியாளர் அப்படியே நின்றுவிட்டார். தையல் மெஷினுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில், தரையிலிருந்து இடுப்புயரத்துக்கு ஒரு பழைய மைல்கல். ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற எழுத்து, கீழே 7. நெற்றி முழுக்கக் காய்ந்த சந்தனம், குங்குமம்.

"சாலைக் கல் உள்ளே இருக்கிறது. அப்படியென்றால் கடை சாலை மேல் இருக்கிறது" என்றார் பொறியாளர். தர்க்கத்தில் பிழை இல்லை.

பாய் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். "சார், இது எங்க அத்தா மாட்டுவண்டில கொண்டாந்த கல்லு. ரோட்டோரம் வேண்டாம்னு பேத்துப் போட்டிருந்தத வாசப்படிக்குன்னு தூக்கியாந்தாக. படிக்கு ஒத்துவரல, இப்படியே ஊனிட்டாக. பொறவு நான் கடைய நீட்டுனேன், கல்லு உள்ள வந்துருச்சு."

"எந்த இடத்துல இருந்து எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"அது அத்தாவுக்குத்தான் தெரியும்."

"அவங்க?"

"மவுத்தாயிட்டாக சார், அடக்கி வருசமாச்சு."

எதிர்ப்புறத்து ராஜு சமூகத்துப் பெரியவர் ஒருவர் வலிய வந்து, பழைய வண்டிப்பாதையே இந்தச் சந்து வழியாகத்தான் போனது, கல் அங்கேயே முளைத்தது என்று சாட்சி சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஏறக்குறைய ஏழு மைலில்தான் நாங்களும் நின்றோம். நில அளவைப் புலப்படத்தை விரித்தேன். அந்த இடம் சரியாக மடிப்பில் விழுந்து கிழிந்து போயிருந்தது. ஆக, சாலை கடைக்கு வந்ததா, கல் கடைக்கு வந்ததா என்று சொல்ல ஆளில்லை. பண்டிகை விடுமுறை கழிந்து மறு ஆய்வு, அதுவரை எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பொறியாளர் ஜீப்பில் ஏறினார்.

கடை போனால் பாய்க்கு வேறு பிழைப்பில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சந்தனம் வைக்கிறது ரோட்டு வேல பாக்குற கேங்குக்காரவுக சார். ஆயுத பூசையன்னிக்கு வருவாக. கல்லக் கழுவி, மாலை போட்டு, பூசணிக்காய வெளிய ஒடச்சிட்டு, நம்ம கடையில டீ குடிச்சிட்டுப் போவாக. நானும் மறிக்கல."

"முதல்லயே கல்லை எடுத்து வெளிய போட்டிருக்கலாமே, பாய்?"

"பொட்டு வச்ச கல்ல நானா எடுத்துப் போடுறது? நல்லாச் சொன்னீக. கடை போனாலும் கைகாலாவது மிஞ்சட்டும்."

கேங் மேஸ்திரியைத் தேடிப்போனேன். தார் டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அது உங்க ரோட்டுக் கல்லா?"

"தெரியாது சார். ஒரு நா சட்டை தைக்கப் போனேன், உள்ள நின்னுச்சு. மைல்கல்லக் கண்டுட்டு பூசை போடாம போனா வருசம் பூரா ரோடு சும்மா விடுமா?"

"நீங்க பூசை போடுறதாலதான் அது ரோட்டுக் கல்லுன்னு ஆகி, பாய் கடை போகப்போகுது."

மேஸ்திரி மெல்லுவதை நிறுத்தினார். "நாங்க சந்தனம் பூசுனதுக்கா?"

"ஆமாம்."

"இதென்ன கூத்து. சரி, நீங்களே சொல்லுங்க. அதை எடுக்க யாருட்ட மனு குடுக்கணும்?"

எல்லா மனுவும் எங்கே போகும், எப்படித் திரும்பிவரும் என்று அறிந்தவன் நான். மனதுக்குள் இந்த மனுவுக்கும் முகவரி எழுதிப்பார்த்தேன். சாலைக் கல் என்றால் நெடுஞ்சாலைத் துறை. ஆனால் அவர்கள் கணக்கில் அங்கே கல்லே கிடையாது. எல்லைக் கல் என்றால் எங்கள் துறை. அதில்தான் மைல் எழுதியிருக்கிறதே. சாமி என்றால் எந்தக் கோயிலின் சாமி? வீட்டுச் சாமான் என்றால் பாய் வீட்டில் பொட்டு வைத்த சாமானா? எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தக் கல் விதிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஆயுத பூஜையன்று, தைக்கக் கொடுத்திருந்த கால்சட்டையை வாங்கப் போனேன். கேங் முழுவதும் கடைவாசலில் நின்றது. கல்லுக்கு மாலை விழுந்தது, சூடம் ஏற்றினார்கள், பூசணிக்காய் உடைந்தது. பிறகு, அப்போதுதான் பூஜை முடித்த கடப்பாரைகளையே எடுத்துக் கல்லின் அடியைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்தார்கள்.

"ஏலே, பைய நெம்பு! சாமி சாயப்போவுது!"

"சாமி சாஞ்சா கெடக்கட்டும், எங்கால்ல விழாம பாரு!"

பாய் துணிகளை எல்லாம் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். மாலை கலையாமல் கல் தள்ளுவண்டியில் ஏறியது.

"எங்க கொண்டுபோறீங்க?" என்றேன்.

"நம்ம ஷெட்டுப் பக்கம், சேத்தூர் ரோட்டுல. பூசை போடத் தோதா இருக்கும்."

"அங்க நட்டா ஏழு மைல் வராதே!"

"எவன் சார் நடந்து அளக்கப்போறான்? எல்லாரும் பஸ்ஸுலதான் போறாக."

மறு ஆய்வுக்குப் பொறியாளர் வந்தபோது கடைக்குள் ஈரம் காயாத சிமெண்டு மட்டும் இருந்தது. கல் எங்கே என்று மேஸ்திரியை அதட்டினார்.

"எந்தக் கல்லு சார்? நம்ம லிஸ்ட்டுல பாய் கடையில கல்லே இல்லையே."

பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் கிழிந்த புலப்படத்தைப் பார்த்தேன். கல்லும் இல்லை, படமும் இல்லை என்ற நிலையில் அவர் கடையை விட்டுவிட்டு அடுத்த ஆக்கிரமிப்புக்கு நடந்தார். அந்தக் கடை உண்மையில் சாலை மேல் இருந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. பாய்க்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் கேங் கடைக்கு வந்தது, டீ குடிக்க. பழக்கதோஷத்தில் மேஸ்திரி சந்தனக் கிண்ணத்தையும் கொண்டுவந்துவிட்டார். சிமெண்டுத் தரையைப் பார்த்தார், கையிலிருந்த சந்தனத்தைப் பார்த்தார், கடைசியில் என் கால்சட்டை கிடந்த தையல் மெஷின் பக்கம் திரும்பினார்.

பாய் எழுந்து மறித்தார். "மேல வைக்காதீக, சாரோட துணியில கறையாயிரும். வேணும்னா கீழ சக்கரத்துல ஒரு பொட்டு வச்சிக்கோங்க."