பிக்கப் இல்லாத ஜீப்பு

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் டிரைவர் பிழைக்க ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை போதும்: பிக்கப். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு விட்டது. இந்த வார்த்தை இன்னும் விடவில்லை. ஸ்டியரிங் பிடித்துக் கை காய்த்த சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஆள் பிக்கப்

தோட்ட வேலைக்கு என் ஜீப்பில் வரும் சிலமலை ஊர்ப் பெண்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கூட வேலை பார்க்கிறவளை விட்டுவிட்டுப் போகிற வண்டியில் மற்றவர்கள் உட்கார மாட்டார்கள். எப்போதும் கடைசியாக வரும் மகராசி பேச்சியம்மா. ஹாரன் அடிப்பேன், கிளம்புகிற மாதிரி வண்டியை மெல்ல உருட்டி மிரட்டுவேன். வீட்டுக்குள்ளிருந்து பதில் வரும்: "சோத்தை அள்ளிக்கிட்டிருக்கேண்ணே! மத்தியானம் உன் ஹாரனையா திங்க?"

வண்டி பிக்கப்

தோட்டத்துக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருநாள் முன்சீட்டில் ஏறினார். போடிமெட்டு வளைவுகளில் என் ஜீப் ஏறுகிற அழகைக் கண்டால் லாரிக்காரன்கூட முந்திப் போவான். பாதி மலையில் அவர் சொன்னார்: "அண்ணே, நான் எறங்கி நடந்து முன்னால போயி, ரெண்டு கட்டஞ்சாயா சொல்லி வைக்கவா?"

போன் பிக்கப்

மறுவாரமே அந்தச் சூப்பர்வைசர் என் டிரிப்பைத் தன் மச்சினனின் புது வண்டிக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த டிரிப் போனால் என் ஜீப்பில் கோழிதான் அடைக்கலாம். மெட்டு டீக்கடையில் நின்று அவருக்குப் போன் போட்டேன். எனக்குப் பின்னாலேயே மணி அடித்தது. திரும்பினால், போனைப் பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைக்கிறார் மனுசன். என்னைக் கண்டதும் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "இந்த மலையில சிக்னலே கெடைக்கலண்ணே."

மறுபடியும் ஆள் பிக்கப்

புது வண்டி சொன்ன நேரத்துக்குச் சிலமலைக்கு வந்தது. பேச்சியம்மாவை விட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. ஊர் எல்லை தாண்டுமுன் பெண்கள் கூச்சல் போட்டு நிறுத்தி, மொத்தமாக இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்தடுத்த நாளும் அதே கதை. தோட்டத்தில் காய் பழுத்துச் செடியிலேயே வெடித்தது. கடைசியில் சூப்பர்வைசரே எனக்குப் போன் போட்டார். நன்றாக அடிக்கவிட்டு எடுத்தேன்.

மறுநாள் வழக்கம்போலப் பிந்தி வந்த பேச்சியம்மாவிடம், "எம்மேல இம்புட்டுப் பாசமா ஆத்தா?" என்றேன். மூச்சு வாங்க ஏறியவள் சொன்னாள்: "பாசமாவது! அந்த வண்டி சர்ருனு போயிருது. உன்னுதுன்னா கெளம்புனாலும் ஓடியாந்து பிடிச்சிரலாம்ல!"

ஆகையால் சகோதரர்களே, எக்காரணம் கொண்டும் என் வண்டியின் பிக்கப்பைச் சரிசெய்துவிடக் கூடாது என்று மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.