ஒரு படிக்கு ஆறு கல்

மருத்துவமனையில் டாக்டர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ஸ்ட்ரெச்சர் அக்காதான். பத்தொன்பது வருடமாக நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிறவள். எந்த வண்டியின் சக்கரம் ஒருபக்கம் இழுக்கும், எந்த வாசலில் தூக்கிப்போடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பழைய கட்டிடத்துச் சரிவுப் பாதையில் அவளுக்கு மூச்சு வாங்கியதே இல்லை. புதுக் கட்டிடம் திறந்த முதல் வாரமே வந்தது வினை. ஆபரேஷன் முடிந்த கனத்த மனிதர் ஒருவரை அங்கிருந்த சரிவுப் பாதையில் ஏற்றும்போது பாதி வழியில் வண்டி பின்னால் சறுக்கியது. இடுப்பைக் கொடுத்துத் தாங்கினாள். நர்ஸ் ஓடிவந்து பிடித்ததால் விபரீதம் எதுவும் நடக்கவில்லை.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். பழைய பாதை ஐந்தடி ஏறுகிறது, இது மூன்றடிதானே, இது எப்படிக் கஷ்டம் என்று அவர் கேட்டார். வயதாகிவிட்டது, வேண்டுமானால் துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றித் தருகிறேன் என்றும் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அவளுக்குச் சுருக்கென்றது.

மத்தியானம் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் கிளம்பினாள். இரண்டு பாதைக்கும் பக்கத்திலேயே படிகள் உண்டு. ஒவ்வொரு படியும் அரையடி. பாதையை ஒட்டிய சமதளத்தில் ஓரடிக் கற்கள் பதித்திருந்தார்கள். பாதை தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை கற்களை எண்ணிக்கொண்டே நடந்தாள். பழையதற்குப் பத்துப் படி, அறுபது கல். புதியதற்கு ஆறு படி, இருபத்து நாலு கல். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

வீட்டில் தையல்காரக் கணவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். "சட்டைக்கு அளவெடுக்கச் சொன்னா சோம்பல்படுவ. இப்ப கட்டடத்தையே அளந்துட்டு வந்திருக்க" என்று சிரித்தார். குரலில் கேலியைவிடப் பெருமைதான் அதிகம்.

மறுநாள் பார்வையிட வந்த இன்ஜினியரை அவள் வழியிலேயே நிறுத்தினாள். மேலாளரும் கூட இருந்தார்.

"எவ்வளவு உயரம் ஏறுதுன்னு மட்டும் பாக்காதீங்க சார். அதுக்கு எவ்வளவு தூரம் விட்டிருக்குன்னும் பாருங்க. பழசுல ஒரு படி உயரம் ஏற ஆறு கல் தூரம் இருக்கு. இதுல நாலே கல்லு."

இன்ஜினியர் கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு மேலாளரிடம் திரும்பினார்.

"அம்மா சொல்றது சரிதான். அது பன்னெண்டு அடிக்கு ஓரடி ஏறுது. இது எட்டு அடிக்கே ஓரடி. இதுதான் செங்குத்து."

எத்தனை கல் வேண்டும் என்பதையும் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முப்பத்தாறு, நேராக இடமில்லை என்றால் வளைத்துவிடலாம் என்றாள்.

அப்படியே வளைத்துக் கட்டினார்கள். வேலை முடிந்த அன்று, முதலில் என்னைத் தள்ளிப் பாருங்கள் என்று மேலாளரே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார். தொந்தியும் தொப்பையுமான அந்த மனிதரை அவள் நடை தளராமல் மேலே கொண்டு போய் நிறுத்தினாள்.

"எந்திரிங்க சார், உண்மையான நோயாளி காத்துட்டிருக்காரு" என்றாள். நர்ஸ்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் தலையை நிமிர்த்தி, காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினாள்.