வாரம் ஒரு சாமான்

பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்குப் பக்கத்தில், ஒரு வீட்டின் பின்புறம், முருங்கை மரத்தில் சாய்ந்து கிடந்தது அந்த வண்டி. பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்த பிறகு அதே கம்பியை முன்பக்கம் மடக்கினால் அதுவே கியர் ஆகிவிடும். என் வயதுக்காரர்களுக்கு இவ்வளவு சொன்னாலே எந்த வண்டி என்று தெரிந்துவிடும். ஒரு மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் சீட் வரைக்கும் ஏறி நின்றதாம். வீட்டுக்காரர் அதைப் பழைய இரும்புக்குப் போட இருந்தார். அந்த விலைக்கே நான் வாங்கிக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது.

ஏன் வாங்கினாய் என்று கேட்டவர்களிடம் சின்ன வயது ஆசை என்றேன். அது பாதி உண்மை. பத்தாவது முடித்ததும் தாம்பரத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வருகிற சாமானை எண்ணி, பெயர் எழுதி, அட்டை கட்டி அடுக்குவது வேலை. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட், சமையல், துணி என்று போய்விடும். அம்மா போன பிறகு ஞாயிறு காலை பதினோரு மணிக்கே எல்லா வேலையும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு இருக்கிற நேரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் வாங்கினேன்.

சிட்லபாக்கத்தில் நான் குடியிருப்பது கீழ்ப் போர்ஷன். மாடியில் வீட்டு ஓனர், ரிட்டயர்டு வாத்தியார். அவரிடம் கார் இல்லாததால் கார் நிறுத்தும் இடம் சும்மா கிடந்தது. அங்கே வண்டியைப் பிரித்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போது வாசலில் நின்று பார்ப்பார்.

"பிரதர், வாங்கறப்ப வண்டி மாதிரி இருந்துச்சே. இப்ப எலும்புக்கூடு ஆக்கிட்டீங்க?"

"மறுபடி மாட்டிடலாம் சார்."

"எசேக்கியேல் புத்தகத்துல உலர்ந்த எலும்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து எழுந்திரிக்கும். ஆனா அதுக்குக் கர்த்தர் வந்தாரு. உங்களுக்கு யாரு வருவா?"

சிரித்துக்கொண்டே மாடிக்குப் போய்விடுவார். யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் உண்மை. வண்டி வேலையில் இரண்டு கை போதாத வேலைகள் நாலைந்து உண்டு. எஞ்சினைச் சட்டத்தில் ஏற்றும்போது ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் போல்ட்டை நுழைக்க வேண்டும். நான் செங்கல் மேல் செங்கலாக அடுக்கி எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன். ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. பெட்ரோல் டேங்குக்குள் துரு கட்டியிருந்தது. பழைய நட்டுகளைப் போட்டு, புளிக்கரைசலை ஊற்றி மூடி, போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் குலுக்குவேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பிள்ளையைத் தூங்கவைப்பது போல இருந்திருக்கும்.

தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து போர் போடக் குரோம்பேட்டையில் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். லேத்துக்காரர்தான் வழி சொன்னார்.

"குன்றத்தூர்ல ஒரு அம்மா கீறாங்க. அவங்க வூட்டுக்காரரு இந்த வண்டிக்குத்தான் ஸ்பேர் வித்துகினு இருந்தாரு. இப்ப அவரு இல்ல. சாமான் மட்டும் ரூம் ஃபுல்லா கீது. போய்க் கேட்டுப் பாருங்க."

சானடோரியத்தில் ரயில் ஏறி, பல்லாவரத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போனேன். மலைக்கோயிலுக்குப் போகிற வழியிலிருந்து பிரியும் சின்னத் தெரு. தெருவின் கடைசி வீடு. கேட்டுக்கு வெளியே நின்று எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவே கதவைத் திறந்து, "யாரு சார், இன்னா வேணும்?" என்றார். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். நான் கையிலிருந்த தேய்ந்த கிளட்ச் பிளேட்டை நீட்டினேன். பக்கத்து அறையின் பூட்டைத் திறந்துவிட்டார்.

பால் டின்கள், கோணி மூட்டைகள், பிஸ்கட் பெட்டிகள். எதிலும் ஒரு எழுத்து கிடையாது.

"எல்லாம் அவரு தலைக்குள்ள இருந்துச்சி சார். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களே தேடிப் பாத்துக்குங்க."

கிளட்ச் பிளேட் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் காப்பி கொண்டுவந்து வைத்தார். கதவோரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, நான் எடுத்துப் பார்க்கும் ஒவ்வொன்றையும், "அது இன்னாது சார்?" என்று கேட்டார். நான் சொன்னேன். எனக்குச் சாதாரணமாக ஒரு மனிதரோடு நாலு வாக்கியத்துக்கு மேல் பேச வராது. கையில் ஒரு சாமான் இருந்தால் பேச முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு பிஸ்டன் ரிங்குக்குப் போனேன். அதற்கடுத்த ஞாயிறு ஒரு கேபிள். என் சம்பளத்துக்கு வாரம் ஒரு சாமான்தான் கட்டுப்படியாகும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். முதல் சில மாதங்கள் அது உண்மையாகவும் இருந்தது. தீபாவளி போனஸ் வந்த பிறகு நான்கைந்தை ஒன்றாக வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. எல்லாம் வாங்கிவிட்டால் வண்டி ஓடிவிடும். வண்டி ஓடிவிட்டால் குன்றத்தூர் போக எனக்குக் காரணம் இல்லை. திங்கள் முதல் சனி வரை நான் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் எந்த உறவையும் எதிர்பார்க்கவில்லை. அவரை என்னவென்று கூப்பிடுவது என்றுகூட நான் முடிவு செய்யவில்லை. அக்கா என்று சொல்லத் தயக்கம், மேடம் என்றால் ஆபீஸ் மாதிரி இருக்கும். எதுவும் சொல்லாமல் 'ங்க' போட்டே ஓட்டிவிட்டேன்.

ஒரு தடவை மாட்டிக்கொண்டேன்.

"போன மாசந்தானே சார் ஒரு ஹார்ன் வாங்கினீங்க?"

"அது சத்தம் கம்மியா வருதுங்க."

"வண்டியே இன்னும் ஓடல. ஹார்ன் சத்தம் கம்மின்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்து, "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி வெச்சிக்குங்க" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

கடைசியாக வாங்குவது என்று ஒன்றை மனதில் ஒதுக்கி வைத்திருந்தேன். கிக்கர் ஷாஃப்ட். என் வண்டியில் இருந்தது பல் தேய்ந்து, உதைத்தால் வழுக்கியது. அது இல்லாமல் ஸ்டார்ட்டும் ஆகாது, கியரும் விழாது. மூன்றாவது மாதமே கிரீஸ் காகிதத்தில் சுற்றிய புது ஷாஃப்ட் ஒன்றைப் பார்த்துவிட்டேன். "இது கடைசியா வாங்கிக்கறேங்க" என்று சொல்லித் திரும்ப அதே டின்னில் வைத்தேன்.

வாங்க வேண்டியது குறைந்துகொண்டே வந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்டோரிலிருந்து கழித்துப் போட்ட அட்டைகளையும் நூலையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"இதெல்லாம் இப்படியே கிடந்தா வர்றவங்களால தேட முடியாதுங்க. பேர் எழுதிக் கட்டிடட்டுமா?"

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?"

"ஞாயித்துக்கிழமைதானே."

அப்படி ஆரம்பித்தது எட்டு மாதம் ஓடியது. நான் ஒவ்வொன்றாகத் துடைத்து, பெயரும் அளவும் எழுதுவேன். அவர் நூல் கட்டுவார். டின்களைத் தட்டில் ஏற்றி வரிசையாக வைத்தோம். என் கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும். இரண்டு மணி நேரம் மூன்றானது. சில வாரம் உப்புமா, ஒரு தடவை வடை. பேச்செல்லாம் சாமானைப் பற்றித்தான். எப்போதாவது ஓசூரில் இருக்கிற மகளைப் பற்றிச் சொல்வார். நான் கேட்டுக்கொள்வேன்.

முப்பது வருடம் ஸ்டோரில் வேலை பார்த்தவன், ஒரு ஸ்டோரை ஏன் ஒழுங்காக வைக்கிறார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். சாமான் வெளியே போவதற்குத்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த மூட்டை எப்போது காலியாகும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு போனபோது தெருவில் ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. இரண்டு ஆட்கள் டின்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதிய அட்டைகள் காற்றில் ஆடின. அந்த அம்மா கேட்டிலேயே நின்றிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"வாங்க சார், வாங்க. பொண்ணு வந்தப்ப ரூமை போட்டோ புடிச்சி யாருக்கோ அனுப்பிச்சா. புதுப்பேட்டை ஸ்பேர் கடையிலருந்து வந்து மொத்தத்தையும் எடுத்துக்கறேன்னுட்டாங்க. இத்தினி நாளா ஒருத்தனும் எட்டிப் பாக்கல. எல்லாம் நீங்க எழுதினதாலதான்."

ஏற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, இது உங்க எழுத்தா? சோக்கா கீதுண்ணே. ஒண்ணொண்ணா பிரிச்சிப் பாக்கற பேஜாரே இல்ல. அப்படியே அள்ளிகினு போய்ட்டே இருக்கலாம்."

"நல்லதுங்க" என்றேன். இரண்டு பேருக்கும் அதையே சொன்னேன்.

கிளம்பும்போது அந்த அம்மா உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். கிரீஸ் காகிதம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. "கடைசியா வாங்கிக்கறேன்னீங்களே. அவங்ககிட்ட குடுக்கல. காசெல்லாம் வேணாம் சார்."

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மாட்ட ஒரு மணி நேரம் போதும். நான் மூன்று வாரம் அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். நாலாவது ஞாயிறு, செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் மாட்டினேன். ஏழாவது உதையில் வண்டி எழுந்தது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு இரண்டு சைலன்சரிலும் அந்தச் சத்தம். வாத்தியார் மாடியிலிருந்து கைலியோடு இறங்கி ஓடி வந்து, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று கை தட்டினார். பின்னால் உட்கார வைத்து சிட்லபாக்கம் ஏரியை ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். இறங்கியதும், "இவ்வளவு நல்லா பண்ணியிருக்கீங்க, முகம் ஏன் பிரதர் இப்படி இருக்கு?" என்று கேட்டார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு வீட்டிலேயே இருந்தேன். அடுத்த ஞாயிறு ஒரு காரணம் கிடைத்தது. வண்டியைக் கொண்டுபோய்க் காட்டலாம். அவர் வீட்டுச் சாமான்தானே பாதி வண்டி. பம்மல், அனகாபுத்தூர் வழியாக நிதானமாக ஓட்டிக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

தெரு முனையில் கியரைக் குறைத்துத் திருப்பினேன். அந்த அம்மா அதற்குள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருந்தார். புடவையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் நான் பார்க்காத முகம் அது. என்னை அடையாளம் கண்டதும் அது இறங்கிவிட்டது.

"நீங்களா" என்றார். பிறகு, "ஆஃப் பண்ணிடுங்க சார்."

நிறுத்தினேன். கீழே இறங்கி ஸ்டாண்டைப் போட்டேன். அவர் வண்டியைச் சுற்றி வரவில்லை, தொடவும் இல்லை. "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

சாமான் அறை திறந்தே இருந்தது. பெருக்கித் துடைத்துக் காலியாக இருந்தது. கூடத்தில் உட்கார்ந்தேன். காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். காப்பி உடனே வந்துவிட்டது. நான் அதைக் கவனித்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"அவரும் இதே வண்டிதான் வெச்சிருந்தாரு சார். அந்த முனையில கியர் மாத்துவாரு. சத்தம் கொஞ்சம் எறங்கி ஏறும். அதக் கேட்டவொடனே பால அடுப்புல வெச்சிடுவேன். செருப்பக் கழட்டி உள்ள வர்றதுக்கும் காப்பி கைக்கு வர்றதுக்கும் சரியா இருக்கும். அஞ்சு வருஷம் ஆச்சி அவரு போயி. இப்ப உள்ள இருந்தேன். கை தானா போயி வெச்சிட்ச்சி. அப்புறந்தான் நெனப்பு வந்துச்சி, யாருக்கு வெக்கிறோம்னு. அப்பவும் வெளிய ஓடி வந்துட்டேன் பாருங்க."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் தப்பாகுமா, சொல்லாவிட்டால் தப்பாகுமா என்று தெரியவில்லை. ஆடை படியும் வரை கையில் வைத்திருந்துவிட்டுக் குடித்து முடித்தேன்.

"வண்டி நல்லா இருக்கு சார். ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். "ஆனா அடுத்த தடவ வரும்போது பஸ்லயே வந்துடுங்க."

"வாங்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே இனிமே."

"சாமான் இருந்தாதான் வருவீங்களா?"

டம்ளரைத் தரையில் வைத்தேன். "வர்றேங்க" என்று மட்டும் சொன்னேன். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அப்போதே பயம் வந்துவிட்டது.

வெளியே வந்து ஸ்டாண்டை எடுத்தேன். ஸ்டார்ட் செய்யவில்லை. கனமான வண்டி. வெயில் வேறு. தெரு முனை வரை தள்ளினேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். கேட் மூடியிருந்தது. இங்கிருந்து உதைத்தால் வீட்டுக்குக் கேட்கும் என்று பட்டது. மெயின் ரோட்டிலும் தள்ளிக்கொண்டு போனேன். டீக்கடை வாசலில் நின்ற ஒருவர், "இன்னா சார், பெட்ரோல் பூட்ச்சா?" என்றார்.

"ஆமாங்க."

"பங்க் அந்தாண்ட கீது சார். நீங்க இந்தாண்ட தள்ளிகினு போறீங்க?"

"பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டு, அதே பக்கம் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளினேன்.