பாவம் என்றால் பறந்த கிளி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், எனக்குக் கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்து இரண்டு மூன்று வருஷத்தில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் தோல் கிடங்கில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில், பிள்ளை குட்டி இல்லாத ஒரு முஸ்லிம் தம்பதி இருந்தார்கள். அந்த அம்மாளை ஊரே ஆப்பா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அந்த வருஷம் இரண்டு பேரும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். ரயிலில் பம்பாய், அங்கிருந்து கப்பல், திரும்பிவர மாதக்கணக்காகும். புறப்படுகிற அன்று காலையில் ஆப்பா வீட்டுச் சாவியோடு கிளிக் கூண்டையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"இத நம்பிக் குடுக்க வேற ஆள் இல்லம்மா. பூனை பாஞ்சதுலேர்ந்து ரொம்பப் பயந்துடுச்சி. பேஜார் பண்ணாம விடு, அதுவா வரும்."

அந்தப் பூனைக் கதை எனக்குத் தெரியும். கூண்டுக்குள் காலை நுழைத்துக் கிளியின் வாலைப் பிய்த்துவிட்டது. ஆட்கள் ஓடிவந்து சூ, சூ என்று கத்தித்தான் அதை விரட்டினார்கள். அதற்குப் பிறகு கிளி ஆப்பாவைத் தவிர யாரையும் கிட்டே சேர்க்கவில்லை.

என் வீட்டுக்கு வந்ததும் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. பழம் வைத்தால் தொடவில்லை. நான் பக்கத்தில் போனால் கூண்டுக்குள் அடித்துக்கொண்டு இறகை உதிர்த்தது. ஆப்பா அங்கே தொழுதுகொண்டிருக்க, இங்கே அவர் பறவை செத்துப்போனால் நான் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பேன்?

சரி, மெதுவாகப் பழக்கலாம் என்று ஆரம்பித்தேன். ஊறவைத்த வேர்க்கடலையைக் கிண்ணத்தில் போட்டு "இந்தா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆளில்லாத நேரத்தில் கிளி தின்றுவிடும். அந்த மட்டுக்கும் உயிர் நிற்கிறதே என்று இருந்தது. பிறகு தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். கிட்டே போகப் போக அது மிரண்டது. ஒரு வாரம் முன்னேறினால் மறு வாரம் பழையபடி கம்பியோடு ஒட்டிக்கொள்ளும்.

"கிளி உன்னப் பழக்குது, நீ கிளியப் பழக்கல" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எரிச்சலாக வரும். அவருக்கென்ன, சாவி என் இடுப்பில் அல்லவா இருந்தது.

ஒருநாள் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. கிராம்பைக் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல், கடலையை விரலில் பிடித்தபடி கூண்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிளி தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு காலை எடுத்து வைத்தது. மறு காலையும் வைத்தது. என் விரலிலிருந்து கடலையை வாங்கிக்கொண்டுவிட்டது. பல்வலி போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "இன்னிக்கி உன் வாய் மூடியிருந்துச்சி, அதான்" என்று சிரித்தார். "தினமும் அது மிரண்டா நீ இன்னா பண்ற? ச்சு ச்சு ச்சுங்கற. பூனைய வெரட்டினப்ப கேட்ட மாதிரியே இருக்குமே அதுக்கு."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உண்மைதான். யாராவது விழுந்தால், அழுதால், ஐயோ பாவம் என்று நாக்கு தானாகத் தட்டுமே, அந்தச் சத்தம். கிளி நடுங்கும்போதெல்லாம் நான் இரக்கப்பட்டு ச்சு கொட்டியிருக்கிறேன். அதற்கோ பூனை வந்துவிட்டது என்று கேட்டிருக்கிறது. இரக்கப்பட்டே அதைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

அதன்பிறகு நாக்கைக் கட்டிப்போட்டேன். மிரண்டால் பேச மாட்டேன், கையை நீட்ட மாட்டேன், கடலையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன். கிட்டே வந்தால் "இந்தா", உடனே கடலை. விரலில் வாங்கியது, பிறகு உள்ளங்கையில் வாங்கியது, கடைசியில் மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்தே தின்ன ஆரம்பித்தது. அது ஏறி உட்கார்ந்த அன்று நான் அசையாமல் அழுதேன்.

ஆப்பா திரும்பிவருகிற சமயம் நெருங்கியிருந்தது. வாசலில் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தேன், கிளி என் தோளில். தெருவில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையை ஏற்றிவந்த வண்டி ஒன்று அச்சு முறிந்து தடாலென்று சாய்ந்தது. கிளி விர்ரென்று எழும்பி எதிரே இருந்த புங்க மரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

கூண்டைப் போட்டுவிட்டு மரத்தடிக்குப் போனேன். அதற்குள் தெருப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். "ச்சு ச்சு, பாவம், ஆப்பா கிளியாச்சே" என்று ஒருத்தி. "ச்சு, இனி எங்க வரப்போவுது" என்று இன்னொருத்தி. ஒவ்வொரு ச்சுவுக்கும் கிளி ஒரு கிளை மேலே போயிற்று. இன்னும் இரண்டு கிளை போனால் வானம்தான்.

"தயவு பண்ணி யாரும் பாவப்படாதீங்க" என்று கத்தினேன். "பாவப்படறவங்க வீட்டுக்குள்ள போய்ப் பாவப்படுங்க."

எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டார்கள். என் நாக்கும் துடித்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். கிளியின் படபடப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு முந்தானையை எடுத்துவிட்டு, அதன் முடிச்சில் இருந்த கடலையை எடுத்துக் கையை நீட்டி, தினமும் சொல்கிற குரலிலேயே சொன்னேன்.

"இந்தா."

ஒரு கிளை இறங்கியது. நின்றது. இன்னொரு கிளை இறங்கியது. சாய்ந்த வண்டியின் நுகத்தடியில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. பிறகு அங்கிருந்து என் மணிக்கட்டுக்கு வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் கடலையைக் கொறித்தது. அப்பாடா என்று நான் விட்ட மூச்சு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அன்றைக்கு எத்தனை தெய்வத்துக்கு நன்றி சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஆப்பா வந்திறங்கியபோது கிளி என் கையில் இருந்தது. பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, உன் கைல வந்து உக்காந்துக்கிச்சே. எப்படிப் பழக்கின?"

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அதற்கு முந்தின வருஷம் என் முதல் குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ச்சு கொட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டாலே நான் சமையலறைக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன். ஆப்பா மட்டும் ச்சு கொட்டவில்லை. நோன்புக் கஞ்சியை வாசற்படியில் வைத்து "இந்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சில நாள் கழித்து வாசற்படியிலேயே உட்கார்ந்தார். பிறகு ஒருநாள் நானே வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க பழக்கின மாதிரிதான் ஆப்பா" என்றேன். அவர் கிளியைச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

இன்றைக்கும் துக்கம் கேட்கப் போகிற வீட்டில் என் நாக்கு ச்சு கொட்டத்தான் துடிக்கிறது. அதை அடக்கிக்கொண்டு, கொண்டுபோனதை வைத்துவிட்டு, அவர்களாக வரும்வரை கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்துகொள்கிறேன்.