கதிரை அங்கேதான் கிடக்கிறது

இலங்கையில் ஜனங்கள் மாளிகைக்குள் புகுந்து, அதிபர் நாட்டை விட்டே ஓடிய அந்த ஜூலை மாதத்தில் ஆரம்பித்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பெயிண்ட் பக்கெட் செய்யும் ஒரு கம்பெனியில் நான் லைன் லீடர். அன்று கேன்டீனில் எல்லார் போனிலும் ஒரே வீடியோதான். மாளிகை நீச்சல் குளத்தில் வாலிபர்கள் குதித்துக் கும்மாளம் போட்டார்கள்.

என் லைனில் பக்கெட் மூடிகளுக்குப் பிசிறு அறுக்கும் அக்கா ஒருவர் இங்குள்ள இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர். பத்து வயதில் படகில் வந்தவர். கல்யாணம், பிள்ளை எல்லாம் முகாமில்தான். அவருக்காகவே ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிப் போய் லைன் முழுக்கக் கொடுத்தேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"இன்னாக்கா, உங்கள அழ வச்சவன் ஊர உட்டே ஓடிட்டான். இனிமே நீங்க ஊருக்குப் போயிக்கினே இருக்கலாமே" என்றேன்.

அவர் மைசூர்பாகை வாங்கி டிபன் டப்பா மூடியில் வைத்தார். கையிலிருந்த பிளேடைக் கீழே வைக்கவில்லை.

"ஓடினது கதிரையில இருந்தவன் தங்கச்சி. கதிரை அங்கதான் கிடக்கு."

கதிரை என்றால் அவர்கள் பேச்சில் நாற்காலி. எனக்குக் கோபமே வந்தது. நல்ல சேதி சொன்னாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாரே என்று பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தேன்.

அவருடைய வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், நேர்மாறு. பெயிண்டர், சிரித்த முகம். ஊரில் அவர் அப்பாவின் நிலம் இருக்கிறது. ஒரு கிணறு, இரண்டு மாமரம். சண்டைக் காலத்தில் ராணுவம் வேலி போட்டு எடுத்துக்கொண்டது. இனி விட்டுவிடுவார்கள், நான் முன்னால் போய் ஒரு வீடு கட்டிவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன் என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாராம். அக்கா வேண்டவே வேண்டாம் என்றார். முகாமில் மாதாமாதம் அதிகாரி வந்து குடும்பம் குடும்பமாகப் பேர் வாசித்து, ஆள் இருக்கிறதா என்று பார்ப்பார். ஊருக்குப் போகிறவரின் பேரை அந்தப் பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு திரும்பி வந்து குடும்பத்தோடு இருக்க முடியாது. மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள்.

இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போயிருந்தபோது அண்ணன் என்னிடமே கேட்டார், போகலாமா வேண்டாமா என்று. பாவம், அவருக்கும் உள்ளே பயம் இருந்திருக்கிறது. தைரியமாகப் போங்கள் என்றேன். சொன்னதோடு விட்டேனா, ஊருக்குத் திரும்ப அனுமதி கேட்கும் மனுவையும் நானே உட்கார்ந்து எழுதினேன். 'எங்கள் நாட்டில் நல்ல காலம் பிறந்துவிட்டபடியால்' என்று ஒரு வரியை என் சொந்தச் சரக்காகச் சேர்த்தேன். அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

அண்ணன் போனார். அடுத்த முறை பேர் வாசித்தபோது அவர் பேர் வரவில்லை என்று அக்கா மூடி அறுத்துக்கொண்டே சொன்னார்.

அங்கே வேலி அப்படியே இருந்தது. அதிபர் மாறினார், மறுபடியும் மாறினார், வேலியை யாரும் தொடவில்லை. அண்ணன் வாடகை அறையில் இருந்துகொண்டு, அங்கேயும் அடுத்தவர் வீட்டுச் சுவருக்குத்தான் பெயிண்ட் அடிக்கிறார். போன் பேசும்போதெல்லாம் இந்த வருஷம் விட்டுவிடுவார்கள் என்பார். அக்கா "ஓம்" என்று ஆமாம் போடுவார்.

போன தை மாதம் மகளுக்கு முகாமிலேயே கல்யாணம். அண்ணனுக்கு விசா கிடைக்கவில்லை. அறுகம்புல்லும் அரிசியும் கலந்து பெற்றவர்கள் பிள்ளைகள் தலையில் தூவும் நேரத்தில், நான்தான் வீடியோ கால் போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் குனிந்து நின்றார் மனிதர். தன் போனை மல்லாக்க வைத்து, அதன் மேல் அரிசியைத் தூவினார். அரிசி விழுந்து எங்களுக்குப் படம் மறைந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடியும் தூவினார். மகள் தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா தன் பங்கைத் தூவி முடித்து, இன்னொரு பிடி அள்ளி அவர் பங்கையும் தூவினார்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றே இருந்தது.

"நீங்கள் எழுதித் தந்தபடியாத்தான் நான் மண்ணில வந்து நிக்கிறன் தங்கச்சி. வாற வருசம் காணியை விட்டிடுவாங்கள். நீங்களும் வந்து நிண்டிட்டுப் போகவேணும்."

வருகிறேன் அண்ணா என்றேன். போனை வாங்க அக்கா கை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போதும் ஏதோ ஒரு நாட்டில் சர்வாதிகாரி ஓடிவிட்டான் என்று கேன்டீனில் யாராவது வீடியோ காட்டிக் கைதட்டினால், என் கண் தானாக அக்கா பக்கம் போகிறது. அவர் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நான் அவ்வளவு சுலபமாக எழுதியது, போக வேண்டிய ஆள் நான் இல்லை என்பதால்தான் என்று நினைக்கும்போது, அன்று பங்கு போட்ட மைசூர்பாகு இன்றைக்கும் தொண்டையில் இறங்காமல் நிற்கிறது.