ஓடும் மிஷினில் ஒரு கை

என் மகள் திருவொற்றியூர் வீட்டின் கீழ்த்தளத்தில் மரக் கடைசல் மிஷின் வாங்கிப் போட்டபோது, அதைப் பொருத்தித் தர டோல்கேட்டிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். நான் முதலில் பார்த்தது அவர் கைகளைத்தான். பத்து விரல்களும் முழுசாக இருந்தன. நிம்மதியாக இருந்தது.

மிஷினைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினார். கட்டையை மாட்டி, கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று காட்டினார். பிறகு ஓட விட்டார்.

"உளி வெக்கிற தாங்கிய நவுத்தணும்னா மிஷின நிறுத்திட்டு நவுத்து பாப்பா. ஓடசொல்லோ கை வெக்காத."

சொல்லிக்கொண்டே, ஓடுகிற மிஷினில் அவரே தாங்கியை நகர்த்தினார்.

நேற்று மகளும் அப்படியே நகர்த்தினாள். தாங்கி இடித்து, கட்டை தெறித்து, அவள் காதோரமாகப் போய்ச் சுவரைப் பெயர்த்தது.

போன் செய்ததும் மெக்கானிக் ஓடி வந்தார். "உன்னாண்ட இன்னா சொன்னேன் நானு?" என்று அவளைத் திட்டினார்.

"நிறுத்திட்டு நகர்த்தச் சொன்னீங்க. நீங்க நிறுத்தலியே அண்ணா," என்றாள்.

"என்னுது பழகின கை. உன்னுது அப்டியா?"

வேறு கட்டையை மாட்டி மிஷினைப் போட்டார். திட்டு நிற்கவில்லை. அதற்கு நடுவிலேயே அவர் இடது கை தாங்கியை நோக்கிப் போனது. நான் சுவரிலிருந்த மிஷின் சுவிட்சை அணைத்தேன்.

"இன்னாக்கா, கரண்ட் பூட்ச்சா?" என்றார்.

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவர் கை தாங்கியின் மேல் இருந்தது. அது அங்கே போனது அவருக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.