சேவல் கூவாத நான்கு நாட்கள்

நான் ஓய்வு பெற்ற மறு வருடம், இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய ஒரு மே மாதம். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் கூட்டுறவுக் குடியிருப்பு. மத்திய அரசில் ஆயுள் முழுக்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் என்னையே செக்ரட்டரி ஆக்கியிருந்தார்கள். எந்த மனு எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேறு எதுவும் பெரிதாகத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் வரிசையாகக் குடிசைகள். அங்கே ஒரு சேவல். ஐந்து மணிக்குக் கூவிக்கொண்டிருந்தது, திடீரென்று மூன்று மணிக்கே கூவ ஆரம்பித்தது. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு மாநகராட்சிக்கு ஒரு புகார் எழுதி, காலைக் காபியின்போது மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன்.

"சேவல் மேல பெட்டிஷன் போடற ஒரே ஆள் இந்த டெல்லியிலயே நீங்கதான்" என்றாள்.

"பாத்துக்கிட்டே இரு. கார்ப்பரேஷன்காரன் வந்து கூண்டோட தூக்கிட்டுப் போயிடுவான்."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சற்று நின்று, மறுபடி தொடங்கியது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் வேலை செய்த பெண். சத்தம் நின்றதைக் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை.

கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன். மறுநாளே சேவல் அடங்கிவிட்டது. தொடர்ந்து நான்கு நாட்கள் சத்தமே இல்லை. ஓர் அரசு அலுவலகம் இத்தனை வேகமாக இயங்கினால் சந்தேகப்பட வேண்டும் என்று என் அனுபவம் எச்சரித்திருக்க வேண்டும். நானோ நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் அந்தப் பெண் தாமதமாக, வீங்கிய கண்களோடு வந்தாள். மனைவி விசாரித்தாள்.

"ரெண்டு கோழி செத்துப்போச்சும்மா. பாப்பாவுக்கு தெனம் ஒரு முட்டை குடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னாருன்னுதான் வளத்தேன்." பிறகு என்னைப் பார்த்து, "இப்ப சத்தம் வரலீங்களே ஐயா? நல்லாத் தூங்கினீங்களா?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சுவருக்குப் பின்னால் இருந்த அவள் குடிசைக்கு அவளோடு போய்ப் பார்த்தேன். அந்தச் சேவலும் அவளுடையதுதான். பழக்காரரின் மரப்பெட்டிதான் கூண்டு. வெளிச்சம் புகாமல் இருக்கச் சாக்காலும் பிளாஸ்டிக் தாளாலும் நான்கு பக்கமும் இறுக்கி மூடியிருந்தாள். வீடுவீடாக வேலை முடித்து வந்துதான் திறப்பாள். டெல்லி மே மாத வெக்கையில் காற்றுப் போக ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. மிச்சமிருந்த மூன்று கோழிகளும் சேவலும் வாயைத் திறந்தபடி மூச்சிரைத்துக்கொண்டிருந்தன.

"மூணு மணிக்கே ஏம்மா கூவுது?"

அவள் மேலே காட்டினாள். "அந்த லைட்டுங்க. ராத்திரியெல்லாம் நேரா கூண்டுல அடிக்குது. அது விடிஞ்சிட்டதா நெனச்சுக்குது."

சுவர்மீது புது ஹாலஜன் விளக்கு. மூன்று கொட்டேஷன் வாங்கி, கமிட்டியில் தீர்மானம் நிறைவேற்றி, என் கையெழுத்தில் போட்டது. வெளிச்சம் யார் வீட்டில் விழும் என்று எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"ஐயா போட்ட லைட்டுன்னாங்க. எப்படிச் சொல்றது?"

அன்று மாலையே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு விளக்கை எங்கள் பக்கமாகத் திருப்பச் சொன்னேன். "சாப், கமிட்டி ஆர்டர்?" என்றான். "ஜல்தி திருப்புப்பா" என்றேன். கூண்டில் சுவரைப் பார்த்த பக்கம் மட்டும் சாக்கை விட்டு, எதிர்ப்பக்கம் மேலே இரண்டு பலகைகளைக் கழற்றிக் கம்பி வலை அடித்தோம். உள்ளே இருட்டும் இருந்தது, காற்றும் ஓடியது. சேவல் பழையபடி ஐந்து மணிக் கூவலுக்குத் திரும்பியது.

புகாரை வாபஸ் பெற்று இன்னொரு கடிதமும் அனுப்பினேன். இரண்டுக்கும் இன்றுவரை பதில் இல்லை. அந்தச் சேவல் கெடுத்த தூக்கமெல்லாம் மறந்துவிட்டது. அது கூவாதிருந்த நான்கு நாட்கள் நான் நிம்மதியாகத் தூங்கினேனே, அந்தத் தூக்கம்தான் இப்போதும் சில விடியற்காலைகளில் என்னை எழுப்பிவிடுகிறது.